பைண்ட் தோற்றால் பழைய சாக்கெட் கோப்பைத் தேடுங்கள்

ஒரே கணினியில் ஓடும் இரண்டு சி நிரல்கள் பேசிக்கொள்ள, வலையமைப்பில் பயன்படும் டிசிபி தேவையில்லை. யூனிக்ஸ் டொமைன் சாக்கெட் போதும். முகவரியாக ஐபி எண்ணுக்குப் பதில் ஒரு கோப்புப் பாதை. சர்வர் பைண்ட் அழைத்துச் சாக்கெட்டை அந்தப் பாதையோடு கட்டும்போது, அங்கே ஒரு சாக்கெட் கோப்பு உருவாகும்.

முதல் முறை நன்றாக ஓடும் சர்வர், இரண்டாம் முறை "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று அடம்பிடிக்கும். நான் இதில் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன். சாக்கெட்டை மூடினாலும், நிரலே செத்துப்போனாலும் அந்தக் கோப்பு தானாக அழியாது. பைண்டுக்கு முன், கோப்பை அழிக்கும் அன்லிங்க் அழைத்தால் தீர்ந்தது என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள்: வேறொரு சர்வர் உயிரோடு இருந்தால், அதன் பெயரை அதற்கே தெரியாமல் பிடுங்கிவிடுவீர்கள். பழையது ஓடிக்கொண்டே இருக்கும், புதிய கிளையண்ட் எதுவும் அதை எட்டாது. முதலில் அந்தப் பாதைக்கு கனெக்ட் செய்து பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட்டால், அழிக்கலாம்.

பாதையின் நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸில் அதற்கான இடம் 108 பைட்டுகள்தான்.

பைட்டுகளை ஒரே ஓட்டமாக அனுப்பும் ஸ்ட்ரீம் வகைச் சாக்கெட்டில் செய்திகளுக்கு இடையே எல்லை கிடையாது. இரண்டு ரைட் ஒரே ரீடில் ஒட்டிக்கொண்டு வரலாம். நீளத்தை முன்னால் அனுப்புங்கள், அல்லது லினக்ஸில், செய்தி எல்லைகளைக் காக்கும் சீக்பேக்கெட் வகையைப் பயன்படுத்துங்கள்.

ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் நிரலை நகலெடுத்து, பிரிந்த தாய்க்கும் சேய்க்கும் இடையில் என்றால் இந்தக் கோப்புத் தொல்லை எதுவுமே வேண்டாம். ஃபோர்க்குக்கு முன், ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாக்கெட்டுகளைத் தரும் சாக்கெட்பேர் அழையுங்கள், கோப்பே உருவாகாது.