நாயோடும் உற்றாரோடும் வாத்து வேட்டைக்குச் செல்லும் முறை

உரிமத்தையும் வேட்டைப் பருவ விதிகளையும் சரிபார்த்த பிறகே குடும்பத்தினரையும் நண்பர்களையும் அழைக்க வேண்டும். வாத்துகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்று முதுகில் படும்படி மறைவிடத்தை அமைத்து, முன்னுள்ள நீரில் போலி வாத்துகளை மிதக்கவிட்டு, அவற்றின் நடுவே பறவைகள் இறங்க இடைவெளி விட வேண்டும்.

அவரவர் சுட வேண்டிய திசையை முன்னதாகவே பிரித்துக்கொள்வது கட்டாயம். அடுத்தவர் பக்கம் துப்பாக்கியைத் திருப்புபவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், அவரை மறுமுறை அழைக்காதிருப்பதே நல்லது. புதிதாகப் பழகும் இளையவருக்கு ஒரே தோட்டா போதும். அவர் சுடும்போது அருகிலுள்ள பெரியவர் தம் துப்பாக்கியைத் தொடாமல் அவரை மட்டும் கவனிக்க வேண்டும்.

சுட்டு வீழ்த்திய வாத்தை எடுத்துவரும் நாய்க்கு மோப்பத்தைவிட அடக்கமே முக்கியம் என்பேன். வெடியொலி கேட்டதும் பாயும் லாப்ரடார் இன நாய் சுடும் எல்லைக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால், கட்டளை பிறக்கும்வரை அசையாதிருக்க அதைப் பல வாரங்களுக்கு முன்பே பழக்க வேண்டும். குண்டு நாய்மீது பட்டுவிடலாம் என்பதால், நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் வாத்தை யாரும் சுடவே கூடாது. குளிர்நீரில் நீந்தும் நாய்க்கு நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் மேலாடை அணிவித்து, கரையேறியதும் துவட்டிவிட வேண்டும்.

தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளான ரவை ஈயத்தால் ஆனதெனில் நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு அது 1991 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. மாற்றான எஃகு ரவை இலேசானது என்பதால் விரைவில் வேகமிழக்கும்; ஆகவே ஏறத்தாழ 35 மீட்டருக்கு அப்பால் செல்லும் வாத்தை விட்டுவிட வேண்டும்.