அச்சத்தால் இணங்கிப்போதல்: பணியிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலாளரின் முகம் சற்றே மாறியதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே "பரவாயில்ல சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுகிறவர்களை நாகர்கோவில் ஜவுளிக் கடைகளிலும் மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் எளிதாகக் காணலாம். ஆபத்தை எதிர்கொள்ளும் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார்; உறைந்துபோவதும் பின்னர் அதனுடன் சேர்க்கப்பட்டது. அச்சுறுத்துபவரை மகிழ்வித்துத் தப்பிக்க முயல்வதும் இந்த வரிசையில் வரும் தற்காப்புதான் என்று எழுதி, அதற்கு 'ஃபான்' எதிர்வினை என்று பெயரிட்டவர் உளநல ஆலோசகர் பீட் வாக்கர். எதிர்த்தாலும் அடி, ஓடினாலும் அடி என்றிருந்த வீட்டில் பெரியவர்களின் முகக்குறிப்பை அறிந்து நடந்து பிழைத்த குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போது, அந்தப் பழக்கமும் கூடவே போகிறது.

இதை நற்குணம் என்று பாராட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது. "தங்கமான பிள்ளை, மறுத்து ஒரு வார்த்தை பேசாது" என்ற புகழ்ச்சி, அந்தப் பிள்ளை மறுக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறது. உடன் பணிபுரிபவரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காகக் கிறிஸ்துமஸ் இரவுப் பணியை ஏற்கும் செவிலியர் மனமுவந்து உதவுகிறார். ஆண்டுதோறும் அதே பணி தம் தலையில் விழுவதை அறிந்தும், மறுப்பதை நினைத்தாலே நெஞ்சு படபடப்பதால் தலையாட்டுபவர் உதவவில்லை, அஞ்சுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், வேறுபாட்டை அவரவரே தம்முள் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பணிவு, பொறுமை அனைத்துக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. இது மருத்துவ வகைப்பாடுகளில் இடம்பெற்ற தனி நோயும் அல்ல. முந்திரி ஆலையில் கூலிக்குப் பருப்பு உடைக்கும் பெண் மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொள்வது, நாளைய வேலை அவர் கையில் இருக்கிறது என்ற தெளிவான கணக்கினால்தான். அவரிடம் போய் "தைரியமாகப் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவது பொறுப்பற்ற செயல். அவருக்குத் தேவை சட்டமும் சங்கமும். மார்பை மறைக்கும் தோள்சீலையை அணியத் தடுக்கப்பட்ட பெண்கள் பல்லாண்டுகள் போராடி 1859-இல் உரிமை பெற்றதும், தலையில் துணி கட்டத் தடுக்கப்பட்டவர்கள் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரின் வழியில் தலைப்பாகையோடு வழிபட நின்றதும் இதே மண்ணில்தான். பிறர் திணித்த பணிவைத் தனி ஒருவரின் மனப்பயிற்சியால் நீக்க முடியாது என்பதற்கு நம் குமரி மாவட்டத்துக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை.

நான் மிகவும் அஞ்சும் தவறு, ஒரே இரவில் மாறிவிட முடிவெடுப்பது. பல மாதங்களாக அடக்கிவைத்ததெல்லாம் ஓர் அற்ப விஷயத்தில் வெடிக்க, அதற்காக ஏச்சு வாங்கியவர் 'பேசினால் ஆபத்து' என்ற பழைய பாடத்தை இன்னும் ஆழமாகப் படித்துக்கொண்டு திரும்புகிறார். உடனே மறுப்பதைவிட உடனே ஒப்புக்கொள்ளாமல் இருப்பது எளிது. "டூட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சொல்கிறேன்" என்ற ஒரே வாக்கியம், உடலின் பதற்றம் தணிவதற்கான நேரத்தைத் தருகிறது. பழகத் தொடங்க வேண்டியது முதலாளியிடம் அல்ல, கோபித்துக்கொள்ளாத தோழியிடம். மறுக்கும்போது காரணங்களை அடுக்குவதும் கூடாது: அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால், "தம்பி கூட்டிட்டுப் போகட்டுமே" என்று பேரம் தொடங்கிவிடும். மறுத்த அன்றிரவு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதத் தோன்றினால் காலைவரை பொறுக்கலாம். அந்த உறுத்தல் பழக்கத்தின் எச்சமே தவிர, தவறு செய்ததற்கான சான்றல்ல.

மேலதிகாரிகள் செய்யும் தவறு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. நாற்காலியைப் போட்டுவிட்டு, தாம் வந்ததும் பதறி எழுகிறவர்களைக் கண்டும் காணாதிருக்கும் உரிமையாளர், உட்காரும் உரிமையைக் கொடுத்துவிட்டதாகக் கருத முடியாது. பாலியல் தொல்லையில் இதே தவறு இன்னும் கொடியது. அஞ்சியவர் சிரித்ததையும் பணிவாகப் பதில் அனுப்பியதையும் விருப்பத்தின் அடையாளமாகக் காட்டுவார்கள். விசாரிப்பவர்கள் அதை அப்படியே ஏற்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய நிறுவனத்தினர் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். பொதுவாக 3 மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பதால், எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டே நாளைக் கடத்திவிடக் கூடாது.

சிறுவயதுக் கொடுமையில் வேரூன்றிய அச்சத்தைத் தனியாகவே வென்றுவிட நினைப்பதும் வீண் துன்பம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அழைப்பதற்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'முடியாது என்று சொல்ல நினைத்தாலே கை நடுங்குகிறது' என்று தொடங்கினால் போதும்.