மீட்டிங் அறைக்கு வீடியோ வசதி வாங்கப் போகிறீர்களா? கேமராவில் ஆரம்பிக்காதீர்கள்

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனம். கென்யாவில் இருக்கும் அவர்களுடைய டீலர், புதிதாக வந்த மோட்டார்களில் சில பேரிங் பக்கம் இரைகின்றன என்று புகார் சொல்லியிருந்தார். முதலாளி டெஸ்டிங் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து, ஜூமில் டீலரை அழைத்து, நல்ல மோட்டார் ஒன்றையும் சந்தேகத்துக்குரிய மோட்டார் ஒன்றையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினார். இந்தச் சத்தம்தானா என்று கேட்டார். மோட்டார் சுற்றுவது தெரிகிறது, சத்தம் ஒன்றும் வரவில்லையே என்றார் டீலர். வேறு லேப்டாப் கொண்டுவந்து பார்த்தார்கள். அதே கதைதான். ஆள் பேசினால் கேட்கிறது, மோட்டார் மட்டும் கேட்கவில்லை.

எனக்கு போன் வந்தது. "தம்பி, மைக் போயிடுச்சுங்க, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். மைக்கில் ஒரு குறையும் இல்லை. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எல்லாமே இப்போது மனிதக் குரலைத் தேடி எடுத்து, மற்ற சத்தங்களை வடிகட்டி விடுகின்றன. ஃபேன், ஏசி போல ஒரே சீராக வரும் சத்தம் அந்த வடிகட்டியில் முதலில் அடிபடும். மோட்டார் இரைச்சலும் அதே ரகம். ஜூமின் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை ஆன் செய்ததும் பேரிங் சத்தம் கென்யா வரை போய்ச் சேர்ந்தது. புது மைக் வாங்கியிருந்தாலும் அதே வடிகட்டி வழியாகத்தான் சத்தம் போயிருக்கும்.

கோவை, திருப்பூர் பக்கம் கம்பெனிகளுக்கு மீட்டிங் அறை அமைத்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த கேமரா நல்லது?" என்றுதான். எதிர்முனையில் இருப்பவர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுக்கப் போகிறார் என்பதை முதலில் யோசிக்காமல் விடுவதுதான் நான் பார்த்தவற்றில் பெரிய தவறு. மற்ற தவறுகள் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

படத்துக்குச் செலவழித்து, குரலைக் கைவிடுவது

படம் மங்கினால் கூட்டம் நடக்கும். குரல் விட்டுவிட்டு வந்தால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடும். ஆனாலும் பட்ஜெட்டில் முக்கால்வாசி 4கே கேமராவுக்கும் பெரிய டிவிக்கும் போகிறது. மைக்குக்கு மிச்சம் இருப்பதுதான்.

அறையின் குணத்தைப் புரிந்துகொள்வது அவசியம். நம் ஊர் மீட்டிங் அறைகள் பெரும்பாலும் எப்படி இருக்கின்றன? கீழே கிரானைட் அல்லது டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, நடுவில் கண்ணாடி பதித்த மேசை. குரல் இவற்றில் எல்லாம் பட்டுத் திரும்புகிறது. மைக்குக்கும் பேசுபவருக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால், அவர் வாயிலிருந்து நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டு வரும் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. அதனால்தான் மேசையின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிர்முனையில் கேட்கிறது. அவருடைய குரலை விட அறையின் குரல் பெரிதாகிவிடுகிறது.

ஆகவே பன்னிரண்டு பேர் உட்காரும் மேசைக்கு, டிவிக்குக் கீழே வைக்கிற ஒரே ஒரு வீடியோ பார் (கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்த நீளமான பெட்டி) போதும் என்று யாராவது சொன்னால், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பேசிக் காட்டச் சொல்லுங்கள். மேசை நடுவில் கூடுதல் மைக் இணைக்க வசதி உள்ள பாராக இருந்தால் நல்லது. கூரையில் பொருத்தும் மைக் பெரிய அறைக்குத்தான் தேவைப்படும். திரைச்சீலையும் ஒரு தரை விரிப்பும் போட்டுவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். என் அனுபவத்தில், மைக்கை மாற்றாமலே கிடைக்கிற முன்னேற்றம் அதுதான். செலவும் மிகக் குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அறையில் நான்கு பேர் ஆளுக்கொரு லேப்டாப்பில் அதே கூட்டத்தில் சேர்ந்து, எல்லாவற்றிலும் மைக்கையும் ஸ்பீக்கரையும் திறந்து வைத்தால் 'ஊ' என்று ஊளைச் சத்தம் கிளம்பும். சாதனத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். மற்ற லேப்டாப்புகளில் ஆடியோவே இணைக்கக் கூடாது.

வீடியோவால் முடியாத வேலையை அதனிடம் ஒப்படைப்பது

திருப்பூரில் அடிக்கடி பார்ப்பது இது. துணியின் ஷேடைக் கேமராவில் காட்டி, பையரிடம் ஓகே வாங்கிவிட நினைக்கிறார்கள். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். மெர்ச்சண்டைசர் கையில் மெரூன் நிறத் துணி. அதைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனதும் படம் முழுவதும் ஒரு நொடி நீலம் பக்கம் சாய்ந்து, பிறகு பழுப்பு கலந்த சிவப்பாக நின்றது. எது வெள்ளை என்று கேமரா போட்டுக்கொள்ளும் கணக்கை, அதாவது வெள்ளைச் சமநிலையை, அது தானாகவே மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். துணி அதே துணி.

இத்தோடு முடிவதில்லை. வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது நிறத்தின் நுணுக்கம் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போகிறது. வெளிச்சத்தின் விவரம் முழுதாகப் போகும், நிறம் அப்படிப் போகாது. எதிர்முனையின் திரை எந்த அளவுக்குச் சரியாக நிறம் காட்டுகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. ஷேடை முடிவு செய்ய, நிர்ணயித்த வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸும், கூரியரில் போகும் லேப் டிப் என்கிற சாயமிட்ட மாதிரித் துண்டும்தான் வழி. தையல் அமைப்பு, லேபிள் வைக்கும் இடம், அளவு நாடாவின் எண் இவற்றை வீடியோவில் தாராளமாகக் காட்டலாம். அதற்கு 4கே அறைக் கேமராவை விட, மேசையைப் பார்த்துக் கவிழ்த்து வைத்த ஒரு சாதாரண வெப்கேம் நன்றாக உதவும்.

நமக்குப் பிடித்ததை வாங்குவது

எந்த மென்பொருள் என்பதை முடிவு செய்ய வேண்டியது பெரும்பாலும் நாம் இல்லை, வாடிக்கையாளர்தான். ஐரோப்பிய பையர் டீம்ஸ் அழைப்பு அனுப்பினால் நாம் டீம்ஸில்தான் சேர வேண்டும். ஒரே மென்பொருளுக்கென்று பூட்டப்பட்ட அறைச் சாதனத்தை வாங்கிவிட்டு, மற்ற அழைப்புகளுக்கு லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரைச் சுற்றி எல்லோரும் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கும். வாங்கும்போதே கேளுங்கள்: இந்தக் கேமராவையும் மைக்கையும் யுஎஸ்பி வழியாக எந்த லேப்டாப்போடும் இணைத்து எந்தச் செயலியிலும் பயன்படுத்த முடியுமா? முடியும் என்றால், அங்கேயே உங்கள் லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள்.

நாடு வாரியாகவும் யோசிக்க வேண்டும். சீனாவில் கூகுள் சேவைகள் முடக்கப்பட்டிருப்பதால், அங்கிருக்கும் இயந்திர சப்ளையருக்கு மீட் இணைப்பு அனுப்பிப் பயனில்லை. துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு சாதாரணமாகப் போகாது. ஜூமும் டீம்ஸும் அங்கே வேலை செய்கின்றன. முதல் கூட்டத்துக்கு முந்தைய நாளே எதிர்முனை ஆளோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் வராது.

நேரக் கணக்கில் காலண்டரை நம்புங்கள், மனக்கணக்கை நம்பாதீர்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்பது அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30, கோடையில் 7.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் வரும் இரண்டு மூன்று வாரங்களில் மூன்று நாட்டுக் கூட்டம் என்றால் குழப்பம் நிச்சயம்.

வேகத்தின் விளம்பர எண்ணைப் பார்ப்பது

"எங்களிடம் 200 மெகாபிட் லைன் இருக்கிறதே" என்பார்கள். ஜூம் சொல்லும் கணக்குப்படி 1080பி தரத்தில் குழுக் கூட்டம் நடத்த, அனுப்ப நொடிக்கு 3.8 மெகாபிட், பெற 3 மெகாபிட் போதும். வேகம் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கிறது. தடுமாறுவது, அது சீராகவும் தாமதமில்லாமலும் போய்ச் சேர்வதில்தான். ஒரு குரல் எதிர்முனை சேர 150 மில்லி நொடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். விலை பேசும் கூட்டத்தில் இது எவ்வளவு சங்கடம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மீட்டிங் அறைக்கு வைஃபை போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். இன்டீரியர் வேலை நடக்கும்போதே இழுத்தால் செலவு சொற்பம். முடிந்த பிறகு என்றால் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். ஃபயர்வால் வைத்திருக்கும் அலுவலகம் என்றால், குரலையும் படத்தையும் காத்திருக்காமல் அனுப்பும் யுடிபி முறைப் போக்குவரத்து தடுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் நெட்வொர்க் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். தடுத்திருந்தால் அழைப்பு, ஒவ்வொரு துண்டும் சேர்ந்ததா என்று சரிபார்த்துப் போகும் டிசிபி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். இணைப்பு கிடைக்கும், ஆனால் குரல் தடங்கித் தடங்கி வரும். காரணம் யாருக்கும் பிடிபடாது.

கேபிள் பற்றிப் பேசும்போதே இதையும் அளந்துவிடுங்கள். டிவிக்குக் கீழே இருக்கும் கேமராவிலிருந்து மேசையில் இருக்கும் லேப்டாப் வரை, சுவரோடும் தரையோடும் சுற்றி வந்தால் எத்தனை மீட்டர்? சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் உள்ளேயே சிக்னலை ஊக்கும் ஆக்டிவ் கேபிள் வேண்டும். எட்டு மீட்டர் சாதாரணக் கேபிளைத் தரைக்குள் பதித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு கேமரா தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்ட இடம் ஒன்று உண்டு. டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று.

கணக்கு யார் பெயரில்?

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசத்தில் ஜூம் 40 நிமிடம், மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டணம். ஆனால் கூட்டத்தை நடத்துபவருக்கு மட்டும் லைசென்ஸ் இருந்தால் போதும், கலந்துகொள்பவர்களுக்குத் தேவையில்லை. ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று ஐம்பது லைசென்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

அதை விடப் பெரிய தவறு, கணக்கை ஊழியர் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் திறப்பது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கூட்டப் பதிவுகளும் வாராந்திர இணைப்புகளும் அவரோடு போய்விடும். கம்பெனி டொமைனில், இரண்டு நிர்வாகிகளோடு திறந்துகொள்ளுங்கள். பதிவுகள் எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்றும் பாருங்கள். டீம்ஸில் பதிவு செய்தவை, யாரும் மாற்றாவிட்டால், 120 நாளில் காலாவதியாகிவிடும். தகராறு வந்து ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைப்பது சந்தேகம். பதிவு செய்யும் முன் எதிர்முனையிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை.

சேவையே நின்றுபோவதும் நடக்கும். ப்ளூஜீன்ஸ் என்ற வீடியோ கூட்டச் சேவையை 2020-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் வாங்கியது, 2023-ல் மூடப் போவதாக அறிவித்தது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விளம்பர வார்த்தையை அப்படியே நம்புவது வேண்டாம். 'எண்ட் டு எண்ட்' குறியாக்கம், அதாவது பேசுபவர்களைத் தவிர சேவை நிறுவனம்கூடக் கேட்க முடியாத பூட்டு, இருப்பதாக ஜூம் சொல்லிக்கொண்டது உண்மையில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020-ல் நடவடிக்கை எடுத்தது. அதே வருடம்தான் அந்த வசதி உண்மையாகவே வந்தது. இப்போதும் நாமே ஆன் செய்தால்தான் வேலை செய்யும், ஆன் செய்தால் கிளவுட் பதிவும் போன் வழியாகச் சேர்வதும் இருக்காது. டிசைன், விலைப் பட்டியல் பேசும் கூட்டத்துக்கு அதை வைத்துக்கொண்டு, தினசரிக் கூட்டங்களுக்கு வெயிட்டிங் ரூமும் பாஸ்கோடும் போட்டால் போதுமானது.

கடைசியாக, டெமோ பார்க்கும் விதம். விற்பனையாளர் அவருடைய ஷோரூமில் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதனத்தை உங்கள் அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் அறைக்குள் உட்காராமல், வெளியே போய் காரில் உட்கார்ந்து, போனில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் சேருங்கள். உள்ளே இருப்பவர்களை ஒவ்வொரு நாற்காலியாக மாறி உட்கார்ந்து, வழக்கமாகப் பேசும் குரலில் பேசச் சொல்லுங்கள். ஏசியும் ஃபேனும் ஓடட்டும். அப்புறம் ஒருவரை மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், டிவிக்கும் இருக்கும். ஆனால் ஃபைபர் மோடம் ரிசப்ஷன் மேசைக்குக் கீழே, சாதாரண பிளக்கில் செருகியிருக்கும். மின்சாரம் போன நொடியில் கூட்டம் அறுந்தால், வாங்க வேண்டிய முதல் பொருள் அந்த மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ். கேமராவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.