ஜெபமும் சாட்சியும்: நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் விசுவாசிகளிடையே அதிகம் நடக்கிற தவறு. பொய் சொல்ல நினைத்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் தன் கஷ்டத்தைக் கொட்டுகிறார், நமக்குப் பேச்சு வரவில்லை, அந்த நேரத்துக்கு வாயில் தயாராக இருக்கிற வார்த்தை அது. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "நீங்க ஜெபம் பண்ணினீங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது" என்று கையைப் பிடித்துக்கொள்வார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு நடந்திருக்கிறது.

இதற்கு, பாரசீக அரண்மனையில் வேலை பார்த்த யூதனான நெகேமியாவிடம் ஒரு வழி உண்டு. அர்தசஷ்டா ராஜா கேள்வி கேட்டதற்கும் அவன் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஜெபம் இருக்கிறது (நெகேமியா 2:4). ராஜாவுக்கு முன் நின்றபடியே, மனதுக்குள் ஒரு வரி. அதே மாதிரி, சொன்ன கையோடு, படி இறங்குவதற்குள் ஜெபித்துவிடுங்கள். அப்புறம் பெயரையும் விஷயத்தையும் குறித்துவைத்து, அடுத்த முறை பார்க்கும்போது "அந்த ஸ்கேன் ரிசல்ட் வந்ததா?" என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப வெட்கமானது. உடன் வேலை செய்தவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கிறிஸ்தவர் அல்ல. "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டேன், பெருந்தன்மையோடு தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆரம்பித்தேன்: "ஆண்டவரே, உம்மை அறியாத இந்தச் சகோதரனுடைய கண்களைத் திறந்தருளும்..." அங்கிருந்து பாவம், இரட்சிப்பு, நித்தியம் என்று போய்விட்டது. பத்து நிமிடம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் எப்போதோ கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் ஜெபித்திருக்கவில்லை.

அது ஜெபமே இல்லை, எழுந்து போக முடியாதவருக்குச் செய்த பிரசங்கம். இயேசு சொன்ன கதையில், ஆலயத்தில் ஜெபித்த பரிசேயனும் (மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்தவன்) தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, தன் ஜெபத்துக்குள் இழுத்தான் (லூக்கா 18:11). தேவனிடம் பேசுகிற பாவனையில் மனிதருக்குச் சேதி சொல்வது அவ்வளவு பழைய பழக்கம். ஒருவரோடு ஜெபிக்கும்போது அவர் கேட்டதற்கு மட்டும், அவருக்குப் புரிகிற சொற்களில், சுருக்கமாக ஜெபிப்பது போதும். அவருடைய இரட்சிப்புக்கான பாரம் இருக்கிறதா? நல்லது. அதை வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபியுங்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தைப் பரப்புவதும் இதோடு சேர்ந்ததுதான். "அவங்க குடும்பத்துக்காக ஜெபியுங்க, என்ன பிரச்சனைன்னா..." அந்த 'என்னன்னா' தேவனுக்கு ஏற்கெனவே தெரியும். சம்பந்தப்பட்டவர் அனுமதிக்காதவரை பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாட்சி சொல்வதில், அதாவது தேவன் நமக்குச் செய்ததை மற்றவருக்குச் சொல்வதில், வருகிற தவறு வேறு மாதிரி. சாட்சிக் கூண்டில் ஏறியவர் வக்கீல் வேலையும் பார்க்கப் போனால் வழக்கு கெடும். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பார்வை பெற்ற மனிதனைக் கவனியுங்கள். அவர் எங்கே என்று கேட்கிறார்கள்: எனக்குத் தெரியாது என்கிறான். அவர் பாவியல்லவா என்று நெருக்குகிறார்கள்: அதுவும் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது ஒன்றுதான் தெரியும் என்கிறான். நாமோ எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கப் பார்க்கிறோம். பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துகிறோம். சிலர் சாட்சிக்குச் சுவை கூட்ட, பழைய வாழ்க்கையை இருந்ததைவிடக் கறுப்பாக்குவார்கள். கூடப் படித்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்தது கதை.

பேதுரு சொல்வது, நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்று (1 பேதுரு 3:15). விசாரிக்கிறவர்களுக்கு! பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் ஜெபித்துப் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்த பிறகும் இவர்கள் ஓடவில்லை. "இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும்" என்ற கேள்வி சிறைக்காரன் வாயிலிருந்தே வந்தது (அப்போஸ்தலர் 16). வாங்கிய கடனைத் திருப்பாமல், வேலைக்கு நேரத்துக்கு வராமல், மேஜையில் மட்டும் வசனம் ஒட்டி வைத்திருப்பவரிடம் யார் விசாரிப்பார்கள்?

கடைசியாக, அவசரம். பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார், விளையச்செய்தது தேவன் (1 கொரிந்தியர் 3:6). மூன்று மாதத்தில் மாறவில்லை என்று ஒருவரோடு பழகுவதையே விட்டுவிட்டால், அதுவரை காட்டிய நட்புக்கு என்ன பெயர் என்று அவர் யோசிப்பார். அந்த ஆஸ்பத்திரி நண்பர் பெயர் இன்றும் என் நோட்டில் இருக்கிறது. தினமும் ஜெபிக்கிறேன். போனில் நாங்கள் பேசுவது பெரும்பாலும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றித்தான். போன வாரம் அவரே, "அதுக்கும் ஒரு ஜெபம் பண்ணேன், சின்னதா" என்றார். அந்தச் 'சின்னதா'வில் ஒரு குறும்பு இருந்தது.