கடலோரத்தில் கத்திய செயின்

ஏரிப் பக்கம் ஓட்டிய மூன்று நாளும் சைக்கிள் வாயே திறக்கவில்லை. கடலோரச் சாலைக்கு வந்த மறுநாள் செயின் எலிக்குஞ்சு மாதிரி கத்த ஆரம்பித்தது. எண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினேன். அதுதான் தப்பு. எண்ணெயில் மணல் ஒட்டி, உப்புத்தாள் போட்டு அரைப்பது போல நறநறத்தது.

பைகளைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்தேன். நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்பாக வழிந்தது. துடைத்து, அரை மணி நேரம் வெயிலில் விட்டேன். பிறகு நூறு சொச்சம் கண்ணிகளில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே பளபளத்ததை ஒட்டத் துடைத்தேன்; எண்ணெய்க்கு வேலை உருளைக்குள்தான், வெளியே இருப்பது மணலுக்குப் பசை. ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் முறைத்தது. பக்கவாட்டில் லேசாக நெளித்ததும் வழிக்கு வந்தது.