அடுத்தவர் ஆதார் நம் கணினியில் தங்காதிருக்க: விண்டோஸ் விருந்தினர் கணக்குக்கு ஒரு கடிவாளம்

ஜெராக்ஸ் கடைக் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பாதி ஊர் அங்கே குடியிருக்கும். இ-ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு அறிக்கை. "இ-ஆதாருக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே" என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். பக்கத்திலேயே கிடக்கும் மதிப்பெண் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

நண்பரின் கடையில் இதைச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எதையுமே சேமிக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. குரோம் திறந்து நிற்பதற்கே தன் கோப்புகளை எழுத இடம் வேண்டும். அச்சுக்கு அனுப்பும்போது தற்காலிகக் கோப்புகள் உருவாகும். எனவே பயனரின் சொந்த ஃபோல்டரில் எழுத விடுவோம், அவர் வெளியேறியதும் அது மொத்தமாக அழியட்டும். மற்ற இடங்களை மட்டும் அடைப்போம்.

கணக்கு

விண்டோஸ் 10 வந்ததிலிருந்து பழைய கெஸ்ட் கணக்கை நம்பிப் பயனில்லை. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். 'கெஸ்ட்' என்று பெயர் வைக்க விண்டோஸ் விடாது, அந்தப் பெயர் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. நான் 'விசிட்டர்' என்று வைத்தேன். உங்கள் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்காமல் முதலில் அதை வையுங்கள்.

இந்தக் கணக்கில் இன்னும் நுழைய வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ், யூசர்ஸ் என்று போங்கள். விசிட்டரின் ப்ராப்பர்டீஸில் 'மெம்பர் ஆஃப்' தாவலைத் திறந்து, 'கெஸ்ட்ஸ்' குழுவைச் சேருங்கள், 'யூசர்ஸ்' குழுவை நீக்குங்கள். கெஸ்ட்ஸ் குழுவில் இருப்பவர் நுழையும்போது அவருக்குத் தற்காலிக ஃபோல்டர் ஒன்று உருவாகும். வெளியேறும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதோடு போய்விடும். நமக்கு வேண்டியது இதுதான்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்தச் சாளரம் கிடையாது. அங்கே கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, 'நெட் லோக்கல்குரூப்' கட்டளையால் இதே இரண்டு மாற்றங்களையும் செய்யலாம்.

டி டிரைவ்

ஃபார்மட் செய்த டிரைவில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற குழுவுக்கு 'மாடிஃபை' உரிமையை விண்டோஸ் தானாகவே கொடுத்துவைத்திருக்கும். அதாவது நிர்வாகி அல்லாத யாரும் டி டிரைவில் எதையும் வைக்கலாம், அழிக்கலாம். அங்கே வைத்த கோப்பு, வெளியேறினாலும் அழியாது.

டி டிரைவின் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி தாவலுக்குப் போய், எடிட், ஆட் என்று அழுத்தி 'விசிட்டர்' பெயரைச் சேருங்கள். 'டினை' (மறுப்பு) பத்தியில் 'ஃபுல் கன்ட்ரோல்' பெட்டியில் குறியிடுங்கள். வாடிக்கையாளருக்கு டி டிரைவில் என்ன வேலை? கோப்புகள் நிறைய இருந்தால் இது முடியக் கொஞ்ச நேரம் ஆகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரைச் சேர்க்கச் சோம்பல்பட்டு, பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'டினை' போட்டுவிடாதீர்கள். கணினியில் உட்கார்ந்து நுழையும் எல்லோரும், நிர்வாகி உட்பட, அந்தக் குழுவுக்குள் அடக்கம். 'அலவ்' (அனுமதி), 'டினை' இரண்டும் மோதினால் 'டினை'தான் வெல்லும். கடைக்காரரே தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்க முடியாமல் நிற்பார்.

செக்யூரிட்டி தாவலே தென்படவில்லையா? அந்த டிரைவ் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றாமல் இதில் எதுவும் நடக்காது.

சி டிரைவ்

சி டிரைவின் மேல்மட்டத்தில் சாதாரணப் பயனரும் புதிய ஃபோல்டர் உருவாக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதை அடைக்கும்போது கைநடுங்காமல் இருக்க வேண்டும். செக்யூரிட்டி தாவலில் 'அட்வான்ஸ்டு', 'ஆட்', விசிட்டர், வகை 'டினை'. அடுத்து 'அப்ளைஸ் டு' என்ற பட்டியலில் 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தானாக வராது. முதலில் காட்டுவது உள்ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்த தேர்வு. அதை அப்படியே விட்டால் தடை உள்ஃபோல்டர்களுக்கும் இறங்கும், பிழைச்செய்திகள் வரிசை கட்டும். பிறகு 'ஷோ அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்' என்பதை அழுத்தி, இருக்கும் குறிகளை அழித்துவிட்டு, 'கிரியேட் ஃபைல்ஸ்', 'கிரியேட் ஃபோல்டர்ஸ்' இரண்டுக்கு மட்டும் குறியிடுங்கள்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பப்ளிக்' ஃபோல்டரையும் மறக்க வேண்டாம். அதில் விசிட்டருக்கு 'ரைட்' மட்டும் மறுத்தால் போதும். படிக்கும் உரிமையையும் பறித்தால் டெஸ்க்டாப்பில் பொதுவாக வைத்த குறுக்குவழிகள் மறைந்துவிடும்.

இப்போது விசிட்டராக நுழையுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பைச் சேமித்து, சைன் அவுட் செய்து, மறுபடி நுழையுங்கள். கோப்பு போயிருக்க வேண்டும். 'ஸ்விட்ச் யூசர்' செய்தாலோ திரையைப் பூட்டினாலோ எதுவும் அழியாது; ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இடையில் சைன் அவுட் செய்தே ஆக வேண்டும். குரோமின் கெஸ்ட் சாளரம் போதாதா என்றால், போதாது. அது உலாவல் வரலாற்றைத்தான் அழிக்கும். இறக்கிய பிடிஎஃப் வட்டிலேயே இருக்கும்.

வேறு மென்பொருள்கள்

மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஸ்டெடிஸ்டேட் என்ற இலவசக் கருவியை வைத்திருந்தது. 2010 இறுதியோடு கைவிட்டது. டீப் ஃபிரீஸ் நல்ல மென்பொருள்தான், ரீஸ்டார்ட் செய்ததும் வட்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் காசு கொடுக்க வேண்டும். ஆய்வகம் நடத்தினால் வாங்குங்கள், ஒற்றைக் கணினிக்கு வேண்டாம். குரூப் பாலிசி எனும் விண்டோஸ் விதி அமைப்பில் டிரைவை மறைக்கும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். அது பூட்டில்லாத கதவுக்குத் திரை போடுவது.

பென் டிரைவில் எழுதுவதை நான் தடுக்கவில்லை. தன் சான்றிதழைத் தானே எடுத்துக்கொண்டு போவதில் என்ன தவறு? வைரஸ் பயம் இருந்தால், விண்டோஸ் ப்ரோவில் குரூப் பாலிசியின் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' பகுதியில் நீக்கக்கூடிய வட்டுகளுக்கு 'டினை எக்ஸிக்யூட்' என்பதை இயக்குங்கள். கோப்புகளை எடுக்கலாம், வைக்கலாம். பென் டிரைவிலிருந்து நிரல்கள் மட்டும் ஓடாது.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலர் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒன்று, ஸ்கேனர் வேலை செய்யவில்லை. ஸ்கேனர் மென்பொருள் கோப்புகளை டி டிரைவில் போடும்படி அமைத்திருந்ததுதான் காரணம். சேமிக்கும் இடத்தை விசிட்டரின் பிக்சர்ஸ் ஃபோல்டருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு முறை நுழையும்போதும் தமிழ் 99 விசைப்பலகை காணாமல் போகிறது. ஃபோல்டர் புதிதாகப் பிறப்பதால் அமைப்புகளும் புதிதாகப் பிறக்கின்றன. நிர்வாகிக் கணக்கில் தமிழைச் சேர்த்தபின், கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், 'காப்பி செட்டிங்ஸ்' என்று போய், 'நியூ யூசர் அக்கவுன்ட்ஸ்' பெட்டியில் குறியிடுங்கள். அதன்பின் விசிட்டர் எத்தனை முறை நுழைந்தாலும் தமிழ் இருக்கும்.