ஐடி வேலை, சைக்கிள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: மூன்றையும் ஒரே ரைடில் சேர்ப்பது எப்படி

ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய பொதுத் திட்டங்களில், ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லும் ஐடி ஆட்கள் அடுத்து சொல்வது "ஆனா நேரம் எங்கங்க இருக்கு?" அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எழுந்து மகாபலிபுரம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தைப் பிடுங்கி லேப்டாப் முன்னால் உட்காரச் சொல்ல மாட்டேன். ரைடிலேயே பாதி வேலை முடிகிற மாதிரி ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங்கில் இருக்கிறேன், வீடு மேடவாக்கம். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தக் கண்ணுக்குத் தோதான ஓப்பன் சோர்ஸ் வேலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உலக வரைபடம் அது. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரிட்டனில் தொடங்கினார். ஆரம்பத்தில் ஜிபிஎஸ் கருவியைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலும் நடந்தும் தெருத் தெருவாகச் சுற்றித்தான் வரைந்தார்கள். 2010இல் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி கொடுத்தது. அதற்கப்புறம் வீட்டிலிருந்தே சாலை வரைவது ரொம்ப எளிதாகிவிட்டது. ஆனால் அந்தச் சாலைக்கு என்ன பெயர், தார் பெயர்ந்துவிட்டதா, ராத்திரி கேட் போடுவார்களா, முனையில் இருப்பது டீக்கடையா மெடிக்கல் ஷாப்பா என்பதெல்லாம் மேலேயிருந்து எடுத்த படத்தில் தெரியாது. காரில் போனால் கண்ணில் படாது. நடந்தால் ரொம்ப தூரம் போக முடியாது. இந்த வேலைக்கு சைக்கிள் வேகம்தான் சரி.

முதலில் ஆபீஸ் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற ரீதியில் ஒரு பத்தி பல ஒப்பந்தங்களில் இருக்கும். வேறு வேலை பார்க்கக் கூடாது என்று இன்னொரு பத்தியும் இருக்கலாம். தெருப் பெயர் திருத்துவதற்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லைதான். ஆனாலும் பிற்பாடு புரோகிராம் எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். திட்டத்தின் பெயர், அதன் லைசென்ஸ், சொந்த நேரத்தில் சொந்த லேப்டாப்பில் செய்கிறேன், நம் நிறுவனத்தின் தயாரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, காசு வாங்குவதில்லை. இவ்வளவு போதும். பதில் எழுத்தில் வர வேண்டும். காரிடாரில் "ஓகே ஓகே, பண்ணுங்க" என்று சொன்னது அடுத்த மேனேஜர் வந்தால் செல்லாது.

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில் ஐடி இரண்டையும் இதில் தொடவே தொடாதீர்கள்.

போனைத் தயார் செய்வது

ஆண்ட்ராய்டு என்றால் ஓஸ்ம்அண்ட் அல்லது ஓப்பன்டிராக்ஸ், இரண்டில் ஏதாவது ஒன்று. நீங்கள் போன வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்துக் கொடுக்கும். இரண்டுமே ஓப்பன் சோர்ஸ், எஃப்-டிராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் கடையில் கிடைக்கும். போட்ட கையோடு இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள்.

ஒன்று, எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி என்பது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 7 மீட்டர் நகர்கிறீர்கள். 5 நொடிக்கு ஒரு புள்ளி என்று விட்டால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 35 மீட்டர் ஓடிவிடும், வளைவெல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டுப் போகும். 1 அல்லது 2 நொடி வையுங்கள். இரண்டு, பேட்டரி சேமிப்பு. திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுபோடும் போன்கள் நிறைய. அந்த ஆப்புக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் கோவளம் வரை போய்விட்டு வந்து பார்த்தால் பள்ளிக்கரணையோடு கோடு நின்றிருக்கும்.

கூடவே ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி விவரம் விட்டுப்போனதைக் கேள்வியாகக் கேட்கும்: இந்தச் சாலை தாரா மண்ணா, இங்கே தெருவிளக்கு உண்டா, இந்தக் கடை எப்போது திறக்கும்? பதிலைத் தொட்டால் வரைபடத்தில் ஏறிவிடும். ஐபோன்காரர்களுக்கு எவ்ரி டோர் இருக்கிறது, கடைகளைக் குறிக்க அது ரொம்ப வசதி.

ரைடில்

என் வழக்கமான வழி மேடவாக்கத்திலிருந்து சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கமாகப் போய் தாழம்பூர் வழியே நாவலூரில் ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) தொடுவது. புது லேஅவுட்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும் பகுதி என்பதால் வரைபடம் எப்போதும் ஒரு படி பின்னால்தான் இருக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு வழி இருக்கும். ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவது இந்த வேலைக்கு நல்லது, எது மாறியது என்று கண்ணே சொல்லிவிடும்.

ஓடும் வண்டியில் போனை எடுக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி, கடைப் பலகையை ஒரு போட்டோ எடுங்கள், அல்லது "இடது பக்கம் பஞ்சர் கடை, ஆறரைக்குத் திறந்தாச்சு" என்று குரலில் பதிந்துகொள்ளுங்கள். கேமராவில் இடக் குறிப்பு இயங்குகிறதா என்று முதல் போட்டோவிலேயே பார்த்துவிடுங்கள். இருட்டு பிரியும் முன் ஆளில்லாத இடத்தில் தனியாக நின்று போனை நோண்டுவதில்லை என்பது என் கட்டுப்பாடு. அந்த இடங்களைத் திரும்பி வரும்போது வெளிச்சத்தில் எடுத்துக்கொள்வேன்.

இப்படி அடிக்கடி நிற்பதில் உடம்புக்கும் ஒரு லாபம் உண்டு. வாரம் முழுக்கக் கீபோர்டில் மணிக்கட்டை ஊன்றியிருந்த கை, ஞாயிறு காலை ஹேண்டில்பாரிலும் அதே இடத்தில் அழுந்தும். உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். பேட் வைத்த கையுறை, பிடியை மாற்றி மாற்றிப் பிடிப்பது, இறங்கி ஒரு நிமிஷம் கையை உதறுவது எல்லாமே உதவும். இறங்குவதற்கு ஒரு டீக்கடைப் பலகை காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும். சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எதைக் குறிப்பது? சைக்கிள்காரருக்கு எது உதவுமோ அதிலிருந்து தொடங்குங்கள். விடிகாலையில் திறக்கும் டீக்கடை, குடிதண்ணீர், சாலையின் மேற்பரப்பு, வேகத்தடை, பஞ்சர் கடை. பஞ்சர் கடை இருந்தும் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு உள்ள ட்யூப் போட்டிருந்தால் அங்கே காற்று அடிக்க முடியாது, ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருக்கட்டும். எந்தத் தெருவில் நாய் துரத்தும் என்பதுதான் எல்லாருக்கும் தேவையான தகவல், அதை வரைபடத்தில் போட வழியில்லை.

200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சைக்கிள் ரைடு) போன்ற நீண்ட ரைடுகளில் வழியைப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் பதின்மூன்றரை மணி நேரத்தில் சாப்பாடு, பஞ்சர், கண்ட்ரோல் எனப்படும் சரிபார்ப்பு இடங்களில் நிற்பது எல்லாம் அடக்கம்.

உட்கார்ந்து ஏற்றுவது

அன்று மாலையே செய்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை ஸ்டாண்டப் (டீமின் காலை மீட்டிங்) முடிந்துவிட்டால் எந்தக் கடை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். உலாவியிலேயே திறக்கும் எடிட்டர் போதும், அதற்குப் பெயரும் ஐடிதான் (iD). உங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டால் போன வழி கோடாகத் தெரியும். முதலில் வான்படத்தையும் உங்கள் கோட்டையும் ஒப்பிடுங்கள். படம் சில இடங்களில் பல மீட்டர் நகர்ந்திருக்கும். ஒரே ஒரு கோட்டை நம்பிச் சாலையை நகர்த்தாதீர்கள், ஒரே வழியில் பதிந்த சில கோடுகள் ஒன்றாக விழுந்தால் படத்தின் நிலையை அதற்கேற்பச் சரிசெய்யுங்கள்.

ஒரு திருத்தத்தை முழுதாகச் சொல்கிறேன். ஒரு லேஅவுட் வழியாகக் குறுக்கே போகலாம் என்று ஆப் காட்டுகிறது. போனால் கேட் பூட்டியிருக்கிறது, வாட்ச்மேன் "இது பொது வழி இல்லம்மா" என்கிறார். வரைபடத்தில் அந்தச் சாலை திறந்த சாலையாகவே கிடப்பதுதான் காரணம். எடிட்டரில் புள்ளிக் கருவியை எடுத்து, கேட் இருக்கும் இடத்தில் சாலைக் கோட்டின் மேலேயே சொடுக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் அது வெறும் அலங்காரம், வழி காட்டும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. வகையில் "கேட்" என்று தேர்ந்தெடுங்கள். கீழே யாருக்கு அனுமதி என்று கேட்கும்: நடப்பவர், சைக்கிள், மோட்டார் வண்டி என்று தனித்தனிக் கட்டங்கள், குதிரைக்குக்கூட ஒன்று உண்டு. "தனியார்" என்று குறியுங்கள். உள்ளே இருக்கும் சாலைகளுக்கும் அதையே குறிக்க வேண்டும், இல்லையென்றால் பின்பக்க கேட் வழியாக ஆப் மறுபடி உள்ளே நுழையப் பார்க்கும். சேமிக்கும்போது "தாழம்பூர் அருகே லேஅவுட் கேட் சேர்த்தேன், நேரில் பார்த்தது" என்று ஒரு வரி எழுதுங்கள். "அப்டேட்" என்று மட்டும் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆபீஸில் கோடு மாற்றத்தோடு எழுதும் கமிட் மெசேஜ்கள் ஞாபகம் வந்து எரிச்சல் வரும்.

பெயர் எழுதும் இடத்தில் பிற மொழிப் பெயர் சேர்க்க ஒரு கூட்டல் குறி இருக்கும். அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்து, பலகையில் இருக்கிறபடி தமிழ்ப் பெயரையும் போடுங்கள்.

செய்யக் கூடாதவை

பெயர் தெரியவில்லை என்று கூகுள் மேப்பைத் திறந்து பார்த்து எழுதக் கூடாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவல்கள் 2012 முதல் ஓப்பன் டேட்டாபேஸ் லைசென்ஸின் கீழ் வருகின்றன, வேறொருவரின் உரிமையுள்ள வரைபடத்திலிருந்து எடுத்ததை அதற்குள் கலக்க முடியாது. கண்ணால் பார்த்தது, பலகையில் படித்தது, அங்கேயே இருப்பவரிடம் கேட்டது, அனுமதியுள்ள வான்படம். இவை போதும்.

ஜிபிஎக்ஸ் கோப்பைப் பொதுவில் ஏற்றுவதாக இருந்தால் ஆரம்பத்திலும் முடிவிலும் அரை கிலோமீட்டரை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் வீடு எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

நாலு நாள் பள்ளம் தோண்டியதற்காகச் சாலையை மூடாதீர்கள். ஓஎம்ஆரில் மாதவரம்–சிப்காட் மெட்ரோ வேலைக்காக யூ-டர்ன்களை மாற்றியதுபோல மாதக்கணக்கில் நிற்கும் மாற்றம் என்றால் திருத்தலாம், பிறகு பழையபடி ஆனதும் மாற்றும் பொறுப்பும் உங்களுடையது. மழைத் தண்ணீர் நிற்பதும் வரைபடத்தில் ஏறாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் என்று மக்கள் குறித்தார்களே, அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் தனி அடுக்காகப் போட்டது. அடியில் தெருக்கள் ஒழுங்காக இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது.

ஆன்-கால் வாரத்தில், அதாவது ஆபீஸிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய வாரத்தில், ரைடை அக்கம்பக்கத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காடு பாலத்தில் நிற்கும்போது சர்வர் விழுந்ததென்று அழைப்பு வந்தால் மேப்பிங்கும் கெடும், வேலையும் கெடும்.

புரோகிராம் பக்கம் போக

கொஞ்ச நாள் போனால் ஆப்களில் உள்ள பிழைகள் தானாகக் கண்ணில் படும். அப்போது நல்ல பிழை அறிக்கை எழுதுங்கள்: ஆப்பின் பதிப்பு எண், போன் மாடல், என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், ஸ்க்ரீன்ஷாட். ஆபீஸில் தினமும் எழுதுவதுதான், இங்கே எழுதும்போது மட்டும் ஏனோ பலர் "வேலை செய்யல" என்று முடித்துவிடுகிறார்கள். அதே பிழையை ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். புரோகிராம் வேண்டாம் என்றால் தமிழாக்கம் இருக்கிறது. ஓஸ்ம்அண்ட்டின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது, பஸ்ஸில் போகும்போதே பத்து வரி முடிக்கலாம்.

திருத்தவே இறங்குவதென்றால் ஆபீஸில் எழுதும் மொழியிலேயே தொடங்குங்கள். ஜாவா தெரிந்தவருக்கு ஜேஓஎஸ்எம் என்ற டெஸ்க்டாப் எடிட்டர், கோட்லின்காரருக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஐடி எடிட்டர். கை வைக்கும் முன் அந்தப் பிழையின் கீழே "நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள், வேறு யாராவது பாதி முடித்து வைத்திருக்கலாம். பதில் வர ஒரு வாரம் ஆகலாம், அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஆபீஸ் இருக்கும்.